1/8 மின்சார ரேடியோ கார் (பக்கி): வளைவில் பின்புறம் வழுக்குகிறது, எங்கிருந்து தொடங்குவது?

#1 செம்மண்புழுதி

அனைவருக்கும் வணக்கம். பல்லடம் பக்கம் நண்பர் ஒருவரின் தரிசு நிலத்தில் சிறிய செம்மண் ஓடுதளம் அமைத்து ஓட்டி வருகிறோம். அடிமண் நன்றாக இறுகியது, மேலே மெல்லிய தூசு. இரண்டு தாவல் மேடுகள், ஒரு நீண்ட நேர்பாதை, நான்கைந்து இறுக்கமான வளைவுகள்.

வண்டி 1/8 அளவு (நிஜ வண்டியில் எட்டில் ஒரு பங்கு), நான்கு சக்கரமும் இழுக்கும் மின்சாரப் பக்கி, அதாவது மண்ணில் ஓடும் ரேடியோ கார். 4 செல் லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரி, 1900 கேவி (ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்தில் 1900 சுற்று) மோட்டார். ஏற்கெனவே ஒருவர் ஓட்டிய வண்டியைத்தான் வாங்கினேன்.

மெதுவான வளைவில் இருந்து வெளியே வரும்போது முடுக்கினால் பின்புறம் வெளிப்பக்கமாகப் பிய்த்துக்கொண்டு போகிறது. இடப்பக்க வளைவில் இது அதிகம், வலப்பக்க வளைவில் குறைவு. பிரேக் பிடித்து வளைவுக்குள் நுழையும்போதும் அப்படியே. சிறு மேடுகள் தொடர்ந்து வரும் இடத்தில் வால் குதிக்கிறது. உலக அளவில் வெல்லும் ஓட்டுநர் ஒருவரின் அமைப்புத் தாள் (வண்டியை எப்படி அமைத்தார் என்ற அளவுகளின் பட்டியல்) இணையத்தில் கிடைத்தது. டிஃப் (சக்கரங்கள் வேறுவேறு வேகத்தில் சுழல விடும் கியர் தொகுதி) எண்ணெயின் கெட்டித்தன்மை முன்னே 7,000, நடுவே 7,000, பின்னே 3,000 என்று அதில் உள்ளபடியே வைத்திருக்கிறேன். மாற்றம் இல்லை. அடுத்து எந்த டிஃப் எண்ணெயை மாற்றுவது?

#2 நைட்ரோநேசன்

பின் டிஃபில் 2,000 ஊற்றுங்கள், முன்னிலும் நடுவிலும் 5,000. தூசு மண்ணுக்கு 7,000 நடு டிஃப் கடினம். முடுக்கும்போது நான்கு சக்கரமும் ஒரே சமயத்தில் சுழன்றுவிடும். நடுவில் எண்ணெய் மெலிந்தால் விசையில் ஒரு பகுதி முன்சக்கரங்கள் வழியே கரைந்து போகும், வண்டி சாதுவாகும்.

#3 தறிமெக்கானிக்

நைட்ரோநேசன் அண்ணன் சொன்னது தவறில்லை. ஆனால் தம்பி எழுதியதில் ஒரு வரியைத் திரும்பப் படியுங்கள்: "இடப்பக்க வளைவில் அதிகம், வலப்பக்க வளைவில் குறைவு." டிஃப் எண்ணெய்க்கு இடம் வலம் தெரியாது. இரு பக்கமும் வேறுவேறாக நடந்துகொள்ளும் வண்டியில் ஏதோ ஒன்று வளைந்திருக்கிறது, தேய்ந்திருக்கிறது அல்லது ஒழுகுகிறது. அது தெரியாமல் எண்ணெயை மாற்றினால் கோளாறு எண்ணெய்க்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும்.

இப்படிப் பாருங்கள். பேட்டரியைக் கழற்றுங்கள். நான்கு ஷாக்கையும் (அதிர்வு தாங்கி), ஸ்வே பார் (வண்டி சாயாமல் இரு பக்கத்தையும் இணைக்கும் கம்பி) இணைப்புகளையும் கழற்றி வையுங்கள். இப்போது சக்கரத்தைத் தாங்கும் ஒவ்வோர் ஆர்மையும் கையால் மேலே தூக்கி விடுங்கள். தன் எடையிலேயே தடையின்றிக் கீழே விழ வேண்டும். பாதியில் நின்றால் ஹிஞ்ச் பின் (ஆர்ம் அசையும் கீல் கம்பி) வளைந்திருக்கிறது, அல்லது துளைக்குள் செம்மண் மாவு சேர்ந்திருக்கிறது. பின்னை உருவி ஒரு கண்ணாடித் துண்டின் மேல் உருட்டுங்கள். வளைவு இருந்தால் கண்ணுக்கே தெரியும். வளைந்த பின்னைத் தட்டி நேராக்க வேண்டாம், புதிது போடுங்கள்.

அடுத்து சக்கரத்தைப் பிடித்து ஆட்டுங்கள். மேலும் கீழும் ஆடினால் பேரிங் அல்லது பந்து முனை (உருண்டை மூட்டு) தேய்ந்திருக்கிறது. கழற்றிய பேரிங்கை விரலில் மாட்டிச் சுற்றினால் மணல் அரைபடுவது போல் உணர்ந்தால் அது முடிந்துவிட்டது. 1/8 பக்கிகள் பலவற்றில் ஹப்பிலும் (சக்கர அச்சைத் தாங்கும் பகுதி) டிஃபிலும் 8x16x5 மி.மீ. பேரிங்தான் இருக்கும். கடையில் 688 என்று கேளுங்கள். திறந்த 688 பேரிங்கின் அகலம் 4 மி.மீ. மட்டுமே, மூடிய வகைதான் 5 மி.மீ. வரும். தகர மூடி போட்டதைவிட இருபுறமும் ரப்பர் மூடி போட்டதை வாங்குங்கள். நம் ஊர்த் தூசு தகர மூடியின் விளிம்பு வழியாக உள்ளே போய்விடும். திருப்பூர், ஈரோடு பக்கம் பேரிங் கடைகளுக்குப் பஞ்சமே இல்லை, வெளிநாட்டில் இருந்து வரவழைக்கத் தேவையில்லை.

எல்லாம் மாட்டிய பிறகு முறுக்குச் சோதனை. ஸ்வே பார் இணைக்காமல், சேசிஸின் (அடித்தட்டின்) பின்முனை நடுவில் ஒரு ஸ்குரூடிரைவர் நுனியை வைத்து மெதுவாக உயர்த்துங்கள். இரு பின்சக்கரங்களும் ஒரே கணத்தில் தரையை விட்டு எழ வேண்டும். ஒன்று முந்தினால் இரு பக்க ஷாக்கும் சமமில்லை, அல்லது சேசிஸ் முறுக்கியிருக்கிறது. பிறகு ஸ்வே பாரை மாட்டி மறுபடி பாருங்கள். இப்போது மட்டும் வேறுபாடு வந்தால் பார் வளைந்திருக்கிறது.

இவ்வளவையும் பார்த்துவிட்டு எழுதுங்கள். டிஃப் எங்கும் ஓடிப்போகாது.

#4 செம்மண்புழுதி

அண்ணா, நேற்று இரவு முழுவதும் பிரித்துப் பார்த்தேன். பின்னே வலப்பக்க ஆர்ம் பாதியில் நிற்கிறது, உள் ஹிஞ்ச் பின் வளைவு. பின்னே வலப்பக்க ஷாக்கை அழுத்தினால் முதல் பாதித் தூரத்துக்கு எதிர்ப்பே இல்லை, உள்ளே எண்ணெய் பாதிதான். ஓ-ரிங் (எண்ணெயைத் தடுக்கும் ரப்பர் வளையம்) தேய்ந்து ஒழுகியிருக்கிறது. ஹப் பேரிங் இரண்டு கரகரக்கின்றன. விற்றவர் சொன்னது "அப்படியே ஓட்டலாம்" என்று.

இடப்பக்கம் திரும்பும்போது எடை முழுவதும் வலப்பக்கச் சக்கரங்களுக்குத்தானே போகும்? அதனால்தான் அந்தப் பக்க வளைவில் அதிகமாக வழுக்கியதா?

#5 தறிமெக்கானிக்

அதேதான். பாரம் வலது பின்சக்கரத்தின் மேல் வந்து விழும் நேரத்தில் அந்த மூலையில் தாங்க ஆளில்லை.

ஷாக் நான்கையும் ஒரே நாளில் பிரித்துக் கட்டுங்கள். ஒழுகியதை மட்டும் செய்தால் புதியது ஒன்று பழையது மூன்று என்று வேறொரு சமமின்மை வந்துவிடும். பழைய எண்ணெயைக் கொட்டி, பிஸ்டன், தண்டு, குழாய் எல்லாவற்றையும் துடையுங்கள். தண்டில் கீறல் இருந்தால் எத்தனை ஓ-ரிங் மாற்றினாலும் ஒழுகும், தண்டையே மாற்றிவிடுங்கள். புது ஓ-ரிங்குக்கு ரப்பரைத் தின்னாத சிலிகான் கிரீஸ் தடவி மாட்டுங்கள். தண்டின் மரைமுனை புது ஓ-ரிங்கை அறுத்துவிடும், அந்த இடத்தைக் கடக்கும்போது மெதுவாகத் திருப்பியபடி நுழையுங்கள்.

எண்ணெயை விளிம்புவரை ஊற்றி, பிஸ்டனை மெதுவாக மேலும் கீழும் நகர்த்துங்கள். வேகமாகச் செய்தால் நுரைக்கும். குமிழிகள் மேலே வரப் பத்து நிமிடம் நிற்க விடுங்கள். அவசரப்படுகிறவர்கள் இந்தப் பத்து நிமிடத்தைத்தான் திருடுகிறார்கள், ஓடுதளத்தில் அதற்கான விலையைக் கொடுக்கிறார்கள். பிறகு மூடியை மாட்டி, காற்றை வெளியேற்றி, தண்டை முழுவதும் உள்ளே தள்ளிவிட்டு விடுங்கள். இடமும் வலமும் ஒரே அளவு திரும்பி வர வேண்டும். இரு ஷாக்கையும் தலைக்குத் தலை முட்டவைத்து அழுத்தினால் ஒன்று இன்னொன்றைத் தள்ளாமல் சமமாக உள்ளே போக வேண்டும்.

கடைசியாக, முழு நீளத்துக்கு விரிந்த ஷாக்கை வெர்னியர் காலிப்பரால் அளந்து இடம் வலம் சமப்படுத்துங்கள். அரை மி.மீ. வேறுபாடுகூட நான் விடுவதில்லை.

#6 கிள்ளான்_ஓட்டுநர்

மலேசியாவில் இருந்து எழுதுகிறேன். எல்லாரும் ஷாக்கையும் பேரிங்கையும் பேசுகிறீர்கள், தரையைத் தொடும் பொருளைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. தம்பி, என்ன டயர்? எவ்வளவு தேய்ந்தது? உள்ளே என்ன ஸ்பாஞ்ச்?

எங்களுக்கு இங்கே மதியம் மழை, மாலையில் வெயில். ஒரே நாளில் ஓடுதளம் மூன்று விதமாக மாறும். அதனால் ஓட்டப் பையில் ஷாக் ஸ்பிரிங்கைவிட டயர்தான் அதிகம் இருக்கும். தவறான டயரை எந்த அமைப்பாலும் காப்பாற்ற முடியாது. சரியான டயர் போட்டால் சுமாரான அமைப்பும் ஓடிவிடும்.

உங்கள் தரை இறுகிய மண், மேலே தூசு. நீளமான ஊசிப் பற்கள் உள்ள டயர் புழுதி ஆழமாக இருந்தால்தான் உதவும். இறுகிய தரையில் அந்தப் பற்கள் மடங்கிக்கொண்டு ஆடும், வண்டி வழுக்குவது போலவே தோன்றும். நெருக்கமான, குட்டையான கட்டைப் பற்கள் உங்களுக்குப் பொருந்தும். பல்லின் விளிம்பைப் பாருங்கள்: கூராக இருந்தால் உயிர் இருக்கிறது, உருண்டுவிட்டால் பயிற்சிக்கு மட்டும் வையுங்கள். ரப்பர் வெயிலுக்கு ஏற்றது வேண்டும். தரை சூடாக இருக்கும் மதியத்தில் மிக மென்மையான ரப்பர் ஓர் ஓட்டத்திலேயே கரைந்துவிடும். நடுத்தரத்தில் தொடங்குங்கள்.

ஒட்டும் முறையும் முக்கியம். டயர் விளிம்பில் வார்ப்பு அச்சில் இருந்து வரும் வழவழப்பு இருக்கும். அதை அசிட்டோன் தொட்ட துணியால் துடைக்காமல் ஒட்டினால் முதல் தாவலிலேயே பிரியும். சக்கர விளிம்பை உப்புத்தாளால் லேசாகச் சுரண்டுங்கள். ஸ்பாஞ்ச் மடிப்பில்லாமல் சமமாக உட்கார்ந்திருக்கிறதா என்று விரலால் சுற்றிலும் அழுத்திப் பார்த்துவிட்டு, மெல்லிய சயனோ பசையை (சூப்பர் குளூ) சொட்டுச் சொட்டாக விடுங்கள். காற்று போய்வர டயரில் எதிரெதிரே இரண்டு சிறு துளைகள் போடுங்கள். சக்கரத்தில் போட்டால் தூசு உள்ளே ஏறும். டயரில் போட்டால் சுழற்சியிலேயே தண்ணீரும் மண்ணும் வெளியேறிவிடும்.

#7 நைட்ரோநேசன்

டயர் பற்றி உடன்படுகிறேன். ஆனால் அமைப்பு என்பது இரண்டாம்பட்சம் என்ற தொனி இந்த இழையில் வளர்வதை ஏற்கமாட்டேன். வண்டி நேராக இருந்தால் மட்டும் போதாது. அது ஓடுதளத்துக்கு ஏற்றதாகவும் இருக்க வேண்டும்.

மூன்று டிஃப் செய்யும் வேலையைப் புதியவர்கள் புரிந்துகொள்ளட்டும். முன் டிஃபில் மெல்லிய எண்ணெய் இருந்தால் பிரேக் பிடித்து நுழையும்போது மூக்கு கூர்மையாகத் திரும்பும். கெட்டியாக இருந்தால் நுழைவு அமைதியாகும், முடுக்கியபடி வெளியேறும்போது முன்சக்கரங்கள் வண்டியை இழுத்துக்கொண்டு போகும். நடு டிஃப் முன்னுக்கும் பின்னுக்கும் விசையைப் பங்கிடுகிறது. கெட்டியாக இருந்தால் முடுக்கம் கடுமை, மெலிந்தால் முன்சக்கரங்கள் இலகுவாகச் சுழன்று பின்புறத்தின் மேல் உள்ள அழுத்தம் குறையும். மேடு பள்ளம் நிறைந்த இடத்தில் அது நிம்மதி. பின் டிஃப் மெலிந்தால் வளைவின் நடுவில் பின்புறப் பிடிப்பு கூடும்.

தம்பி நகலெடுத்த தாள், நீர் தெளித்துக் கட்டிய ஓடுதளத்தில், ஒவ்வோர் ஓட்டத்துக்கும் புது டயர் மாட்டுகிறவர் எழுதியது. பிடிப்பு அதிகமான இடத்துக்கான எண்கள் தூசுமண்ணில் கடினமாகத்தான் இருக்கும். அதனால்தான் 5,000, 5,000, 2,000 என்று தொடங்கச் சொன்னேன். அந்தத் தாளில் எண்களைவிட மேலே எழுதியிருக்கும் வரியைப் படியுங்கள்: தரை எப்படி, ஈரமா, பிடிப்பு எவ்வளவு, வெப்பநிலை என்ன. அந்தக் கட்டங்கள் உங்கள் ஓடுதளத்தோடு பொருந்தாவிட்டால் கீழே உள்ளது இன்னொருவரின் மருந்துச் சீட்டு.

டிஃப் எண்ணெய் ஊற்றும்போது கண்ணளவை நம்பாதீர்கள். உள் கியர்கள் மூழ்கும்வரை ஊற்றி, காற்று வெளியேறிய பின் மேலே ஒரு மி.மீ. இடம் விட்டு மூடுங்கள். முழுக்க நிரப்பினால் சூட்டில் விரிந்து சீலைத் தாண்டி வெளியே வரும். 0.1 கிராம் காட்டும் சிறு தராசு இருந்தால் ஒவ்வொரு முறையும் ஒரே எடையில் நிரப்பலாம். கழற்றும்போது எண்ணெய் கரும்சாம்பல் நிறமாக இருந்தால் நீங்கள் ஊற்றிய 5,000 அங்கே இல்லை, உலோகத் தூள் கலந்த வேறேதோ இருக்கிறது.

#8 தறிமெக்கானிக்

அண்ணன் சொன்ன கடைசி வரியைத்தான் நான் இரண்டு பதிவுகளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். எண்ணெயின் எண், அது புதிதாக இருக்கும்வரைதான் எண்.

#9 டொரன்டோ_தரைவிரிப்பு

வேறொரு பக்கத்தில் இருந்து ஒரு குறிப்பு. இங்கே குளிர்காலம் முழுவதும் கூரைக்குள் கம்பளத் தரையில் 1/10 பக்கி ஓட்டுகிறோம். பிடிப்பு மிகமிக அதிகம், எல்லாரும் ஏறக்குறைய ஒரே டயரில் ஓடுகிறோம். அங்கே அமைப்பின் சின்ன மாற்றம்கூடச் சுற்று நேரத்தில் தெரிகிறது. தரையில் இருந்து சேசிஸின் உயரம் 15, 16 மி.மீ. அளவுக்குத் தாழ்த்தி ஓட்டுகிறோம். அதைவிட உயர்ந்தால் வளைவில் வண்டி கவிழும். மண்ணில் ஓடும் 1/10 வண்டிக்கு 20 மி.மீ.க்கு மேல் வேண்டும். ஆகவே "டயர் முதலா அமைப்பு முதலா" என்ற கேள்விக்குத் தரைதான் பதில் சொல்லும்.

இன்னொன்று. நைலான் ஆர்ம்கள் உலர்ந்த குளிரில் நொறுங்கும். புதிய ஆர்ம்களைத் தண்ணீரில் கொதிக்கவைத்து எடுப்பது இங்கே வழக்கம். நைலான் ஈரத்தை உறிஞ்சினால் வளைந்து கொடுக்கும் தன்மை பெறும். கிள்ளான் நண்பருக்கு அந்த வேலையைக் காற்றே செய்துவிடும்.

#10 மதுரை_அப்பா

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். என் மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். இயந்திரங்களைப் பிரித்துப் பார்ப்பதில் பெரிய ஆர்வம். உங்கள் இழையை இருவரும் சேர்ந்து படித்தோம். முதல் வண்டியாக எதை வாங்குவது? 1/8 மிகப் பெரிதாகத் தெரிகிறது.

#11 கிள்ளான்_ஓட்டுநர்

ஐயா, நல்ல முடிவு. முதல் வண்டி 1/10 அளவு, இரு பின்சக்கரம் மட்டும் இயங்கும் பக்கியாக இருக்கட்டும். ஏறக்குறைய ஒன்றரைக் கிலோதான் எடை. 2 செல் பேட்டரி போதும், உதிரிபாகச் செலவு குறைவு, மோதினால் சேதமும் குறைவு. அதைவிட முக்கியம், பின்சக்கரம் மட்டும் இழுக்கும் வண்டி விசையை அளந்து கொடுக்கக் கற்றுத்தரும். 1/8 போட்டி வண்டியின் எடை 3.2 கிலோவுக்குக் குறையக் கூடாது என்பது விதி. அந்த எடை நேர்பாதை வேகத்தில் வந்து காலில் பட்டால் எலும்பு முறியும். ஓடுதளத்துக்குள் நடப்பவர்கள் இருக்கும்போது ஓட்டக் கூடாது என்பதை மகளுக்கு முதல் பாடமாகச் சொல்லுங்கள்.

உதிரிபாகங்களாக வந்து நாமே கட்டும் பெட்டியை வாங்குங்கள். டிஃபையும் ஷாக்கையும் தன் கையால் கட்டியவளுக்கு அவற்றை மறுபடி பிரிக்கப் பயம் வராது.

#12 தறிமெக்கானிக்

பாப்பாவுக்குப் பிடித்திருந்தால் இந்த வண்டிகளின் கதையையும் சொல்லுங்கள். 1979இல் தமியா நிறுவனம் ரஃப் ரைடர், சாண்ட் ஸ்கார்ச்சர் என்ற வண்டிகளைக் கொண்டுவந்தபோது மணலில் ஓடும் ரேடியோ கார் என்பதே பலருக்குப் புதிது. 1984இல் அமெரிக்காவின் அசோசியேட்டட் நிறுவனம் ஆர்சி10 வண்டியை வெளியிட்டது. தங்க நிறம் ஏற்றிய அலுமினியத் தொட்டி போன்ற சேசிஸ், எண்ணெய் நிரப்பிய ஷாக். பொம்மை என்ற எல்லையைத் தாண்டிப் பந்தயத்துக்கென்றே செய்த வண்டி அது. அடுத்த ஆண்டு, 1985இல், கலிஃபோர்னியாவின் டெல் மாரில் 1/10 மின்சார ஆஃப்ரோடு வண்டிகளுக்கான முதல் உலகப் போட்டி நடந்தது. இன்று நாம் ஷாக் எண்ணெயைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவதற்கு அந்த ஆண்டுகள்தான் தொடக்கம்.

#13 செம்மண்புழுதி

முன்னேற்றம் சொல்கிறேன். ஹிஞ்ச் பின், பேரிங், நான்கு ஷாக், புது டயர் எல்லாம் முடிந்தது. டிஃப் எண்ணெயை வேண்டுமென்றே மாற்றவில்லை. ஞாயிறு காலை ஓட்டினேன். இடமும் வலமும் இப்போது ஒரே மாதிரி திரும்புகிறது! வால் குதிப்பது பெரும்பாலும் நின்றுவிட்டது. முடுக்கும்போது பின்புறம் இன்னும் கொஞ்சம் வழுக்குகிறது, ஆனால் எப்போது வழுக்கும் என்று முன்கூட்டியே தெரிகிறது.

அதன் பிறகு நைட்ரோநேசன் அண்ணன் சொன்ன 5,000, 5,000, 2,000 வைத்து மாலையில் ஓட்டினேன். வளைவில் இருந்து வெளியே வரும்போது விசையை முன்னைவிடச் சீக்கிரம் கொடுக்க முடிகிறது. நேர்பாதை முடுக்கம் சற்றுக் குறைந்தது போலத் தெரிகிறது, எங்கள் சிறிய தளத்துக்கு அது இழப்பில்லை.

மதியம் ஒரு வேறுபாடு கவனித்தேன். காலையில் சரியாக இருந்த வண்டி பன்னிரண்டு மணிக்குத் தாவலில் அடிதட்டுகிறது. மோட்டாரும் தொட முடியாத சூடு.

#14 நைட்ரோநேசன்

மகிழ்ச்சி. பழுதைச் சரிசெய்துவிட்டு ஒரு முறை, எண்ணெய் மாற்றிவிட்டு ஒரு முறை என்று தனித்தனியாக ஓட்டியது மிகச் சரி. இப்போது எந்த மாற்றம் எதைச் செய்தது என்று உங்களுக்குத் தெரியும்.

அடிதட்டுவது வெயிலால். சூட்டில் ஷாக் எண்ணெய் மெலிகிறது. காலையில் 500 சிஎஸ்டி (எண்ணெயின் கெட்டித்தன்மை அளவு) போல நடந்துகொண்டது மதியம் அதற்குக் கீழே போய்விடும். 40 டிகிரி வெயிலில் ஓட்டுவதாக இருந்தால் 50 முதல் 100 சிஎஸ்டி கூட்டிப் போடுங்கள். அதற்கு முன் தரையில் இருந்து சேசிஸின் உயரத்தை அளந்து பாருங்கள். பேட்டரி உட்பட எல்லாம் மாட்டிய வண்டியை ஒரு சாண் உயரத்தில் இருந்து சமதரையில் போட்டு, அது தானாக நின்ற நிலையில் அளக்க வேண்டும். முன்னே 26, பின்னே 28 மி.மீ. என்று தொடங்கலாம். ஸ்பிரிங் வளையத்தைத் திருகி உயரத்தை மாற்றும்போது இடம் வலம் சமமாகத் திருகுங்கள்.

மோட்டார் சூடு வேறு கதை. அகச்சிவப்பு வெப்பமானி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். ஓட்டம் முடிந்தவுடன் மோட்டார் 80 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் பினியனில் (மோட்டார் தண்டில் உள்ள சிறு கியர்) ஒரு பல் குறையுங்கள். தொடர்ந்து அதிகச் சூட்டில் ஓடினால் உள்ளே இருக்கும் காந்தம் வலுவிழந்துவிடும், அது திரும்ப வராது. பினியனை மாற்றியபின் ஸ்பர் கியருக்கும் (பினியன் சுற்றும் பெரிய கியர்) அதற்கும் இடையே மெல்லிய காகிதத் துண்டை ஓட விட்டு இடைவெளி வையுங்கள். காகிதம் கிழியாமல் மடிப்பு விழுந்து வெளியே வந்தால் சரி. ஸ்பர் கியரை ஒரு முழுச் சுற்றுச் சுற்றி நான்கைந்து இடங்களில் சோதியுங்கள், எந்தக் கியரும் முழு வட்டமில்லை.

#15 டொரன்டோ_தரைவிரிப்பு

பேட்டரியையும் கவனியுங்கள். ஓட்டம் முடிந்த சூட்டில் உடனே சார்ஜில் போடாதீர்கள். செல் ஒன்றுக்கு 3.3 வோல்ட்டுக்குக் கீழே இறக்காதீர்கள், ஈஎஸ்சியில் (மோட்டாரின் வேகக் கட்டுப்பாட்டுக் கருவி) அந்த அளவுக்கு வெட்டு வையுங்கள். அடுத்த வாரம்தான் ஓட்டப் போகிறீர்கள் என்றால் முழு சார்ஜில் வைக்காமல் செல் ஒன்றுக்கு 3.8 வோல்ட் அளவில் சேமியுங்கள். உப்பிய பேட்டரியை "இன்னும் ஒரே ஓட்டம்" என்று மாட்டுவதை நான் பார்த்திருக்கிறேன், அதை யாரும் செய்யக் கூடாது. வெயிலில் மூடிய காருக்குள் லிப்போவை விட்டுச் செல்வதும் அப்படியே.

ரேடியோவில் ஃபெயில்சேஃப் அமைத்தீர்களா? சிக்னல் போனால் பிரேக் பிடிக்கும்படி வைத்து, சக்கரங்களைத் தரையில் இருந்து தூக்கி நிறுத்திக்கொண்டு ரிமோட்டை அணைத்துச் சோதியுங்கள்.

#16 நைட்ரோநேசன்

என் பெயருக்காகவாவது நைட்ரோ எரிபொருள் எஞ்சின் ஓட்டுகிறவர்களுக்கு ஒரு பத்தி. 1/8 பக்கியின் 3.5 சிசி எஞ்சினைக் கொல்வது எரிபொருளோ சூடோ அல்ல, காற்று வடிகட்டி வழியே போகும் தூசு. வடிகட்டி ஸ்பாஞ்சை ஒவ்வோர் ஓட்டநாளுக்கும் கழுவி, உலர்த்தி, வடிகட்டி எண்ணெயை நன்றாகப் பிசைந்து ஊறவைத்து மாட்டுங்கள். அடிப்பகுதி பொருந்தும் இடத்தில் இடைவெளி இருக்கக் கூடாது. உலகப் போட்டியின் இறுதியோட்டம் ஒரு மணி நேரம், 125 சிசி டாங்கில் அதை ஓட்டி முடிக்கப் பலமுறை எரிபொருள் நிரப்ப வேண்டும். அவ்வளவு நேரமும் அந்தச் சிறிய ஸ்பாஞ்ச்தான் எஞ்சினைக் காக்கிறது. நாளின் முடிவில் டாங்கைக் காலி செய்து, மிச்ச எரிபொருள் தீரும்வரை ஓடவிட்டு, எஞ்சினுக்குள் சில சொட்டு எண்ணெய் விடுங்கள். நைட்ரோ எரிபொருள் ஈரத்தை இழுக்கும், உள்பேரிங் ஒரே இரவில் துருப்பிடிக்கும்.

#17 செம்மண்புழுதி

ஃபெயில்சேஃப் இப்போது அமைத்துவிட்டேன், நன்றி. ஷாக்கில் எண்ணெய் மாற்றினேன், பினியனையும் ஒரு பல் குறைத்தேன். மோட்டார் 70 டிகிரிக்குள் நிற்கிறது.

ஒரு கேள்வி மிச்சம். முழு விசையில் முடுக்கினால் பின் கியர் பெட்டியில் இருந்து "டக் டக்" என்ற ஓசை. மெதுவாகப் போனால் இல்லை. கழுவுவதைப் பற்றியும் சொல்லுங்கள், மழைக்குப் பின் ஓட்டியதில் வண்டி முழுவதும் சேறு.

#18 தறிமெக்கானிக்

அந்த ஓசையோடு இன்னோர் ஓட்டம் ஓட்டாதீர்கள். டிஃபின் பெரிய கியரான கிரவுன் கியர், பெட்டிக்குள் அதைச் சுற்றும் சிறு பினியனை விட்டு விலகிப் பல் தாவுகிறது. இப்போது வாஷரோடு முடியும், விட்டால் இரண்டு கியரும் போகும்.

பெட்டியைத் திறந்து பல்நுனிகளைப் பாருங்கள். நுனி உருண்டிருந்தால் இரண்டையும் ஜோடியாக மாற்றுங்கள். பல் நன்றாக இருந்தால், கிரவுன் கியரின் முதுகுப் பக்கத்தில், டிஃபுக்கும் பேரிங்குக்கும் இடையே 0.1 மி.மீ. வாஷர் ஒன்றைச் சேருங்கள். அது கியரைப் பினியனை நோக்கித் தள்ளும். மறுபக்கத்தில் வாஷர் இருந்தால் அதே அளவை அங்கிருந்து எடுங்கள், இல்லாவிட்டால் பெட்டி மூடும்போது பேரிங் நெரிபடும். மூடித் திருகி, பினியன் தண்டைக் கையால் சுற்றுங்கள். சுற்று முழுவதும் ஒரே சீராக ஓட வேண்டும், விரலுக்கு மட்டும் தெரியும் அளவு ஆட்டம் இருக்கலாம். எங்காவது இறுகினால் 0.1 அதிகமாகிவிட்டது. புது கியர் போட்டால் சில ஓட்டங்களுக்குப் பின் மறுபடி திறந்து பாருங்கள், பற்கள் படிந்தபின் இடைவெளி கூடும்.

பெட்டித் திருகுகள் பிளாஸ்டிக்கில் இறங்குபவை என்றால் திருகு தளராமல் பிடிக்கும் திரெட்லாக் பசை தொடக் கூடாது, அது பிளாஸ்டிக்கை வெடிக்க வைக்கும். உலோகத்தில் இறங்கும் திருகுக்கு நீல நிறப் பசை ஒரு துளி.

சேற்றை ஈரமாக இருக்கும்போது தேய்க்காதீர்கள். அது எல்லா மூட்டுக்குள்ளும் போகும். காயவிட்டுப் பெயிண்ட் பிரஷால் உதிருங்கள், செம்மண் கட்டியாகவே கழன்று விழும். கம்ப்ரஸர் காற்று அடிக்கலாம், ஆனால் பேரிங் மூடியையும் ஷாக் தண்டின் சீலையும் நேராகக் குறிவைத்து அடிக்க வேண்டாம். மோட்டார், ஈஎஸ்சி, சர்வோ (சக்கரத்தைத் திருப்பும் சிறு மோட்டார்) இருக்கும் வண்டியில் தண்ணீர்க் குழாயைக் காட்டவே கூடாது. ஆர்மையும் சக்கரத்தையும் தனியாகக் கழற்றினால் அவற்றை மட்டும் கழுவலாம்.

வாஷர் 0.1, 0.2 மி.மீ. இரண்டு தடிமனிலும் ஒரு பொட்டலம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் டிஃப் தண்டின் விட்டத்தை முதலில் அளந்துவிடுங்கள், சில வண்டிகளில் அளவு வேறு. பெட்டியைத் திறந்ததும் பற்களைப் படம் எடுத்து இங்கே போடுங்கள், மாற்ற வேண்டுமா வேண்டாமா என்று பார்த்துச் சொல்கிறேன்.